உறக்கநிலைக் கோளாறு (கணினி)

கணினியியலில் உறக்கநிலைக் கோளாறு என்பது, உறக்கநிலைக்குச் செல்லும்படி பணிக்கப்பட்ட கணினியொன்று முறையாக உறங்கி, விட்ட இடத்திலிருந்து எழாமல், தொடக்கத்திலிருந்து மீண்டும் இயங்கத் தொடங்குவதைக் குறிக்கும். பயனர் திறந்து வைத்திருந்த ஆவணங்களில் சேமிக்கப்படாத பகுதிகள் இதனால் அழிந்து போகின்றன. மேசைக் கணினி, மடிக்கணினி ஆகிய இரண்டிலும் காணப்படும் இக்கோளாறு விண்டோஸ், லினக்ஸ் என எந்தவோர் இயக்குதளத்துக்கும் தனித்து உரியதன்று.

இக்கோளாறு நேரும்போது வன்தட்டை அழித்து இயக்குதளத்தை மீண்டும் நிறுவுவதும், தாய்ப்பலகையே பழுதென்று கருதிப் புதியது வாங்குவதும் பரவலாகக் காணப்படுகின்றன. பல வேளைகளில் இவ்விரண்டும் தேவையற்றவை. வன்பொருளின் நோக்கில், உறக்கத்திலிருந்து எழுதலும் மறுதொடக்கமும் ஏறத்தாழ ஒரே பாதையில் செல்லும் நிகழ்வுகள் ஆகும். அப்பாதையில் ஓரிடத்தில், தான் உறங்கிக் கொண்டிருந்ததைக் கணினி நினைவுகூர வேண்டும். நினைவுகூர்ந்தால் எழுகின்றது; மறந்தால் மறுதொடங்குகின்றது. எனவே கணினி எந்தக் கட்டத்தில் தன் நினைவை இழக்கின்றது என்பதைக் கண்டறிவதே இக்கோளாற்றைத் தீர்ப்பதன் முதற்படியாகும்.

உறக்கநிலை வகைகள்

தனியாள் கணினிகளில் மின் சிக்கனத்துக்கான ஏ.பி.எம். என்னும் நெறிமுறையை 1992ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் வெளியிட்டன. இதன்படி உறக்கம் பற்றிய பெரும்பாலான முடிவுகளைத் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் நிலைபொருளே எடுத்தது. 1996ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகியவை இணைந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. நெறிமுறை இப்பொறுப்பை இயக்குதளத்திடம் ஒப்படைத்தது. 2013ஆம் ஆண்டு முதல் இதனை யூ.ஈ.எஃப்.ஐ. மன்றம் பேணி வருகின்றது.

இம்மாற்றத்தால் உறக்கம் என்பது மூன்று தரப்பினரின் கூட்டுச் செயலாயிற்று. இயக்குதளம் ஆணையிடுகின்றது; துணைக்கருவிகளின் இயக்கி மென்பொருள்கள் அவ்வாணையை ஏற்று நடக்கின்றன; நிலைபொருள் கடைசிக் கட்டத்தையும் எழுதலின் முதற் கட்டத்தையும் நடத்துகின்றது. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களில் எழுதப்படுபவை. கோளாறு நேர்ந்தால் ஒவ்வொரு தரப்பும் மற்றதைக் கைகாட்டுவதற்கு இதுவே காரணம்.

ஏ.சி.பி.ஐ. நெறிமுறை எஸ்0 முதல் எஸ்5 வரையான நிலைகளை வரையறுக்கின்றது. எஸ்0 என்பது முழு இயக்கம். எஸ்5 என்பது முழு நிறுத்தம். எஸ்1 நிலையில் மையச் செயற்பகுதி வேலையை நிறுத்திக்கொள்ளுமேயன்றி அதற்கு மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. எஸ்2 நடைமுறையில் அரிது. எஸ்3 நிலையில் முதன்மை நினைவகம், எழுப்புவதற்குத் தேவையான சில சுற்றுகள் ஆகியவை தவிர ஏனைய அனைத்துக்கும் மின்சாரம் நிறுத்தப்படுகின்றது. பொதுவழக்கில் உறக்கநிலை எனப்படுவது பெரும்பாலும் இதுவே. எஸ்4 என்பது ஆழ்துயில். இதில் நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டிலோ திண்மநிலை வட்டிலோ எழுதப்பட்டபின் கணினி ஏறத்தாழ முழுமையாக அணைக்கப்படுகின்றது.

அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 நிலையே இல்லை. அவற்றில் கணினி எஸ்0 நிலையிலேயே இருந்துகொண்டு, கைப்பேசியைப் போல மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குகின்றது. விண்டோஸ் இதனை நவீனக் காத்திருப்பு என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றது. ஒரு கணினி எவ்வெந் நிலைகளை ஏற்கும் என்பதை விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளையை ஏ என்னும் தெரிவுடன் இட்டு அறியலாம். ஆய்வைத் தொடங்குமுன் இதைச் செய்தல் நன்று. இல்லாத எஸ்3 நிலையைச் சரிசெய்ய முயன்று நாள்களைக் கழித்தோர் பலர்.

உறங்கும்போதும் எழும்போதும் நிகழ்பவை

எஸ்3 உறக்கத்துக்கான ஆணை கிடைத்ததும் இயக்குதளம் முதலில் பயனரின் நிரல்களை உறையச் செய்கின்றது. அடுத்து ஒவ்வொரு கருவியின் இயக்கியையும் அழைத்து, அக்கருவியின் அப்போதைய நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு அதனை அணைக்குமாறு பணிக்கின்றது. வரைகலை அட்டை, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை, யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி என ஒவ்வொன்றும் ஆயத்தம் என்று மறுமொழி தர வேண்டும். பின்னர் மையச் செயற்பகுதியின் கருக்களில் ஒன்று தவிர மற்றவை நிறுத்தப்படுகின்றன. எழும்போது எங்கிருந்து தொடர வேண்டும் என்னும் நினைவக முகவரியை இயக்குதளம் நிலைபொருள் அறியக்கூடிய ஓர் அட்டவணையில் எழுதுகின்றது. இறுதியாகத் தாய்ப்பலகையின் சில்லுத் தொகுதியிலுள்ள ஒரு பதிவகத்தில் எந்த உறக்கநிலை என்பதையும், உறங்குக என்னும் ஒற்றைத் துணுக்கையும் எழுதுகின்றது. அந்தத் துணுக்கு எழுதப்பட்ட கணத்தில் மென்பொருளின் வேலை முடிந்துவிடுகின்றது.

அதன்பின் நடப்பவை மின்சுற்றுகளின் செயல்கள். மேசைக் கணினிகளில் பயன்படும் ஏ.டி.எக்ஸ். வகை மின்வழங்கி, அதாவது கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்கப்படும் பெட்டி, தன் முதன்மை மின்தடங்களை அணைத்துவிடுகின்றது. விசிறிகள் நிற்கின்றன. ஊதா நிறக் கம்பியில் வரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மட்டும் தொடர்ந்து வருகின்றது. நினைவகத்தின் உயிர் இந்த ஒரு கம்பியில் தங்கியிருக்கின்றது.

கணினிகளில் பயன்படும் இயங்குநிலை நினைவகம் தரவுகளை மிகச் சிறிய மின்தேக்கிகளில் மின்னூட்டமாக வைத்திருப்பதாகும். மின்னூட்டம் கசியும் இயல்புடையதால், பொதுவாக 64 மில்லிநொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கலமும் புதுப்பிக்கப்பட வேண்டும். விழித்திருக்கும்போது நினைவகக் கட்டுப்படுத்தி இதைச் செய்கின்றது. உறங்கும்போது கட்டுப்படுத்திக்கே மின்சாரம் இல்லையாதலால் நினைவகச் சில்லுகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் முறைக்கு மாறுகின்றன.

பயனர் பொத்தானையோ விசைப்பலகையையோ அழுத்தும்போது முதன்மை மின்தடங்கள் மீண்டும் உயிர் பெறுகின்றன. மின்னழுத்தங்கள் நிலைப்பட்டன என்பதைச் சாம்பல் நிறக் கம்பியில் ஒரு குறிகையால் மின்வழங்கி தெரிவிக்கின்றது. மையச் செயற்பகுதி தன் முந்தைய நிலை எதனையும் அறியாது. அணைத்து வைத்த கணினியை இயக்கும்போது எந்த முகவரியிலிருந்து முதற் கட்டளையைப் படிக்குமோ, அதே முகவரியிலிருந்துதான் இப்போதும் படிக்கத் தொடங்குகின்றது. அங்கே இருப்பது நிலைபொருள். அது சில்லுத் தொகுதியின் பதிவகங்களைப் பார்த்து, இது உறக்கத்திலிருந்து எழுதல் என்று கண்டால், நினைவகத்தைச் சோதிக்காமலும் அழிக்காமலும், முன்பு சேமித்து வைத்த அளவீடுகளைக் கொண்டு கட்டுப்படுத்தியை ஆயத்தம் செய்து, இயக்குதளம் குறித்து வைத்த முகவரிக்குத் தாவுகின்றது. அந்த அடையாளம் காணப்படாவிட்டாலோ, நினைவகத்தை மீண்டும் ஆயத்தப்படுத்த முடியாவிட்டாலோ, வழக்கமான தொடக்கப் பாதையில் செல்கின்றது. நிலைபொருளைப் பொறுத்தவரை அதில் பிழையெதுவும் இல்லை. பயனருக்கோ பாதி எழுதிய கட்டுரை போய்விட்டது.

கோளாறு நேரும் கட்டத்தை அறிதல்

மறுதொடக்கம் உறங்கச் செல்லும்போதோ, உறங்கிக் கொண்டிருக்கும்போதோ, எழும்போதோ நிகழலாம். கருவி எதுவுமின்றிக் கண்ணாலும் காதாலும் இவற்றைப் பிரித்தறிய முடியும்.

உறங்க ஆணையிட்டபின் விசிறிகள் நிற்காமலே சற்று நேரத்தில் திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றினால், மின்சாரம் துண்டிக்கப்படும் கட்டத்தையே கணினி எட்டவில்லை எனலாம். இயக்கி ஒன்று உறங்க மறுத்து இயக்குதளத்தை வீழ்த்தியிருப்பது இங்கு முதல் ஐயம். விசிறிகள் நின்று, மின்விளக்கு இமைக்கத் தொடங்கி, சில நொடிகளிலோ மணி நேரங்களிலோ யாரும் தொடாமலே மீண்டும் இயங்கினால், வெளியிலிருந்து வந்த எழுப்பும் குறிகை அல்லது மின்வழங்கல் பற்றி ஐயுற வேண்டும்.

எழுப்பும்போது நிகழும் கோளாற்றில் தயாரிப்பாளரின் சின்னம் முக்கியமான தடயமாகும். எஸ்3 நிலையிலிருந்து எழும்போது பெரும்பாலான கணினிகள் அச்சின்னத்தைக் காட்டுவதில்லை. பொத்தானை அழுத்தியவுடன் அது தோன்றினால், நிலைபொருள் உறக்கத்தை அடையாளம் காணவில்லை அல்லது நினைவகத்தை மீட்க இயலவில்லை என்பது பொருள். இந்நிலையில் இயக்குதளத்தை மீண்டும் நிறுவுவதால் பயன் விளைவது அரிது. அதன் முறை வருவதற்கு முன்பே கோளாறு நிகழ்ந்து முடிந்துவிட்டது. மாறாக, முந்தைய திரை ஒரு கணம் தோன்றி, அல்லது இருண்ட திரையுடன் சில நொடிகள் கழிந்து, அதன்பின் சின்னம் தோன்றினால், நிலைபொருள் தன் பணியைச் செய்திருக்கக்கூடும். கருவிகளை எழுப்பும்போது ஏதோ ஓர் இயக்கி தவறியிருக்கலாம்.

உறக்கத்தின் கால அளவும் ஒரு தடயம். பத்து நொடி உறக்கத்துக்குப் பின்பும் பத்து மணி நேர உறக்கத்துக்குப் பின்பும் ஒரே மாதிரி மறுதொடங்கினால் மென்பொருளையோ பயாஸ் அமைப்புகளையோ ஐயுறலாம். குறுகிய உறக்கம் நலமாகவும் நெடிய உறக்கம் கோளாறாகவும் இருந்தால் மின்வழங்கி, நினைவகம், மின்தடை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் பதிவுகள்

இயக்குதளம் கடும் பிழையால் வீழும்போது விண்டோஸ் ஒரு பிழைத்திரையைக் காட்டும். நெடுங்காலம் நீலத்திரை என அறியப்பட்ட இது 2025ஆம் ஆண்டில் விண்டோஸ் 11இல் கருந்திரையாக மாற்றப்பட்டது. ஆனால் பிழை நேர்ந்தவுடன் தானாக மறுதொடங்கும் ஏற்பாடு விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இயல்பாக இயங்கு நிலையில் வைக்கப்பட்டுள்ளது. எனவே பிழைத்திரை இமைப்பொழுதில் மறைந்து, பயனர் வெறும் மறுதொடக்கத்தையே காண்கின்றார். உறக்கத்திலிருந்து எழும்போது திரை இன்னும் ஒளிராமல் இருக்குமாதலால் அந்த இமைப்பொழுதுக் காட்சியும் கிட்டுவதில்லை. கணினிப் பண்புகளில் தொடக்கமும் மீட்பும் என்னும் பகுதியில் தானாக மறுதொடங்குதலை நீக்கிவிட்டால், கணினி பிழைத்திரையிலேயே நின்று பிழையின் குறியெண்ணைக் காட்டும். முதலில் செய்யத்தக்க மாற்றம் இதுவே.

குறியெண் 9எஃப் எனில், ஓர் இயக்கி மின்நிலை மாற்றத்தைக் குறித்த காலத்துக்குள் முடிக்கவில்லை என்று பொருள். ஏ0 என்பது மின் மேலாண்மைப் பகுதியின் உட்பிழையைக் குறிக்கும். வீழ்ச்சியின்போது எழுதப்படும் சிறு நினைவகப் படிமங்கள் விண்டோஸ் அடைவினுள் மினிடம்ப் என்னும் உள்ளடைவில் சேர்கின்றன. அவற்றை வின்டிபிஜி போன்ற மென்பொருளால் திறந்தால் பல வேளைகளில் குற்றமுள்ள இயக்கியின் பெயரே கிடைத்துவிடும்.

நிகழ்வுப் பதிவுகளில் கர்னல்-பவர் என்னும் மூலத்தின் 41ஆம் எண் நிகழ்வு அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றது. இது கோளாற்றின் காரணம் அன்று. முந்தைய இயக்கம் முறையாக நிறுத்தப்படவில்லை என்பதை, அடுத்த தொடக்கத்தின்போது விண்டோஸ் கண்டு எழுதி வைக்கும் குறிப்பு மட்டுமே. மின்செருகியைப் பிடுங்கினாலும் இதே எண்தான் பதிவாகும். பயனுள்ள செய்தி அதன் விரிவான பகுதியில் உள்ளது. அங்கே பிழைக் குறியெண் பூச்சியமாக இருந்தால், விண்டோஸ் வீழ்ந்ததை உணர வாய்ப்பில்லாமலே மின்சாரம் போயிற்று, அல்லது கணினி உறைந்துபோயிற்று, அல்லது வன்பொருள் மீளமைப்பு நிகழ்ந்தது என ஊகிக்கலாம். உறக்க மாற்றம் அப்போது நடந்துகொண்டிருந்ததா என்பதற்கும் அதில் தனி உறுப்பு உண்டு. உறங்கச் செல்வதைக் குறிக்கும் 42ஆம் நிகழ்வைத் தொடர்ந்து, எழுந்ததைக் குறிக்கும் 107ஆம் நிகழ்வு வராமல் நேரே 41 வந்திருந்தால், கோளாறு இவ்விரண்டுக்கும் இடையில் நேர்ந்தது என உறுதிப்படுத்தலாம்.

இயக்கி என்று தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் எளிது. சில்லுத் தொகுதி, வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை ஆகியவற்றின் இயக்கிகளைத் தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். அண்மையில் புதுப்பித்தபின் கோளாறு தொடங்கியிருந்தால் பழையதற்குத் திரும்ப வேண்டும். எது என்று தெரியாவிடில், விசைப்பலகையும் சுட்டியும் தவிர ஏனைய யூ.எஸ்.பி. கருவிகளைக் கழற்றிவிட்டு உறங்கச் செய்து, ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துப் பார்ப்பது பழைய முறையாயினும் நம்பகமானது.

மின்வழங்கியும் நினைவகமும்

பல ஆண்டுகள் நன்றாக உறங்கி எழுந்த மேசைக் கணினி, மென்பொருள் மாற்றம் எதுவுமின்றி மறுதொடங்க ஆரம்பித்தால், மின்வழங்கியை முதலில் ஐயுறுதல் தகும். காத்திருப்பு மின்சாரத்தைத் தரும் சுற்று, கணினி மின்செருகியில் இணைந்திருக்கும் காலம் முழுவதும், பிற பகுதிகள் அணைந்திருக்கும்போதும் இயங்கிக்கொண்டே இருப்பது. அதிலுள்ள மின்பகு மின்தேக்கிகள் வெப்பத்தால் நாளடைவில் வறண்டு ஆற்றல் குன்றுகின்றன. 2000களின் முற்பகுதியில் தயாரான தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் தரம் குறைந்த மின்தேக்கிகள் பெருமளவில் பயன்பட்டதால், தலைப்பகுதி உப்பி வெடித்த மின்தேக்கிகள் அக்காலத்தில் பழுதுபார்ப்போருக்கு அன்றாடக் காட்சியாயின.

காத்திருப்பு மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது; அதாவது 4.75 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கலாகாது. பன்மானியால் இதனை அளக்கலாம் எனினும், எழும் கணத்தில் நேரும் நொடிப்பொழுது வீழ்ச்சியைச் சாதாரண பன்மானி காட்டாது. நல்ல நிலையிலுள்ள வேறொரு மின்வழங்கியை இரவலாகப் பெற்று மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. மின்வழங்கியின் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஆபத்தானது. அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள், செருகியைப் பிடுங்கிய பின்னரும் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் நினைவகம் உடனே முழுவதும் அழிந்துவிடுவதில்லை. மின்சாரம் நின்ற பின்பும் நினைவகச் சில்லுகளில் தரவு நொடிக்கணக்கில், குளிரூட்டினால் நிமிடக்கணக்கில், எஞ்சியிருப்பதை 2008ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. அவர்களது நோக்கம் மறையீட்டுச் சாவிகளைத் திருட முடியும் என நிறுவுவதாகும். ஆயினும் உறக்கநிலை பற்றியும் அதிலிருந்து ஒன்றை அறியலாம். வலுவற்ற காத்திருப்பு மின்சாரத்தால் சில துணுக்குகள் மட்டும் பிறழ்ந்து, ஏனையவை நலமாக இருக்கக்கூடும். அப்போது கணினி எழுந்துவிடும். ஆனால் சிறிது நேரத்தில் தொடர்பற்ற ஏதோ ஒரு நிரலில் பிழை காட்டி வீழும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியெண்ணுடன் வீழும் கணினியில், குறியெண்களைத் துரத்துவதைவிட நினைவகத்தையும் மின்சாரத்தையும் சோதிப்பது பயன் தரும். மெம்டெஸ்ட்86 போன்ற நிரல்கள் விழித்திருக்கும் நினைவகத்தையே சோதிக்கின்றன. தன்னைத் தானே புதுப்பிக்கும் முறையில் தவறும் நினைவகத் தகடு அச்சோதனையில் தேர்ச்சி பெறலாம். எனவே தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உறங்கச் செய்து பார்க்க வேண்டும்.

பயாஸ் அமைப்புகள்

நினைவகத்தையோ மையச் செயற்பகுதியையோ குறித்த அளவினும் மிகுந்த வேகத்தில் இயக்கும் கணினிகளில் இக்கோளாறு மிகுதி. நாள் முழுவதும் தடையின்றி இயங்கும் அத்தகைய கணினி எழும்போது மட்டும் தவறுவது வியப்பூட்டலாம். குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது நிலைபொருள் நினைவகத்தின் கால அளவீடுகளைப் புதிதாகக் கணித்துக்கொள்கின்றது. எழும்போதோ பழைய அளவீடுகளையே மீண்டும் இடுகின்றது. விளிம்பில் இயங்கும் நினைவகத்துக்கு இவ்வேறுபாடே போதுமானது. எக்ஸ்.எம்.பி. முதலிய வேகக் குறிப்புகளை நீக்கி, பயாஸை இயல்பு அமைப்புகளுக்குத் திருப்பிச் சோதிப்பது செலவற்ற வழியாகும்.

பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றில் உறக்க வகையை எஸ்1 அல்லது எஸ்3 எனத் தெரிவு செய்யும் வசதி உண்டு. எஸ்1க்கு மாற்றினால் கோளாறு நிற்கக்கூடும். ஆனால் விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். மின் சிக்கனமும் சொற்பம். இதனைத் தீர்வு என்பதைவிட ஒதுங்கிப் போதல் எனல் பொருந்தும். தயாரிப்பாளர் வெளியிடும் புதிய நிலைபொருளின் குறிப்புகளில் உறக்கம் பற்றிய திருத்தம் காணப்பட்டால் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் தாய்ப்பலகை இயங்காமற் போகக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

மறுதொடக்கம் போலத் தோன்றுபவை

பயனர் மறுதொடக்கம் என்று கருதும் நிகழ்வுகளில் சில அவ்வாறானவை அல்ல. உறங்கிய சில நொடிகளில் விசிறிகள் மீண்டும் ஓடத் தொடங்கினாலும், கடவுச்சொல் இட்டபின் பழைய சாளரங்கள் அப்படியே இருந்தால், அது வேண்டாத விழிப்பு மட்டுமே. மேசை அதிர்வில் நகரும் சுட்டி, வலையமைப்பு அட்டைக்கு வரும் எழுப்பும் பொதி ஆகியன பெரும்பாலும் காரணமாகின்றன. பவர்சிஎஃப்ஜி கட்டளையின் லாஸ்ட்வேக் என்னும் தெரிவு, கடைசியாக எழுப்பியது எது என்பதைக் கூறும்.

மற்றொன்று இயக்குதளத்தின் புதுப்பிப்பு. இரவில் குறித்த நேரத்தில் கணினியை எழுப்பி, புதுப்பிப்புகளை நிறுவி, தானே மறுதொடங்கிவிடும் ஏற்பாடு விண்டோஸில் உள்ளது. காலையில் வெறுந்திரையைக் காணும் பயனர் கணினி பழுதென எண்ணுகின்றார். நிகழ்வுப் பதிவில் 1074 என்னும் எண் இருந்தால், அது நிரல் ஒன்றால் முறையாகக் கோரப்பட்ட மறுதொடக்கம் ஆகும்.

மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. எஸ்3 உறக்கத்தில் இருக்கும் மேசைக் கணினியின் நினைவகம், மின்தடையின்போது தன்னிடமிருந்த அனைத்தையும் இழந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி பயாஸில் அமைக்கப்பட்டிருந்தால் கணினி புதிதாகத் தொடங்கும். வீட்டில் எவரும் இல்லாத பகல் வேளையில் இது நேர்ந்தால் காரணம் தெரிய வழியில்லை. அதே அறையிலுள்ள, மின்கலமில்லாத மின்கடிகாரம் ஒன்று சுழியத்தில் இமைத்துக்கொண்டிருக்கின்றதா எனப் பார்ப்பது எளிய சோதனை.

லினக்ஸில் தடம் காணல்

லினக்ஸில் முந்தைய இயக்கத்தின் பதிவுகளை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் படிக்கலாம். ஆயின் கடைசி வரி உறங்கச் செல்வதைக் கூறுகின்றது என்பதனால் மட்டும் கோளாறு அப்போதே நிகழ்ந்தது எனக் கொள்ளலாகாது. நிரல்கள் உறைந்தபின் வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. கணினி முறையாக உறங்கி, எழும்போது தவறியிருந்தாலும் பதிவு அதே வரியில்தான் முடிந்திருக்கும்.

இதனைப் பிரித்தறிய லினக்ஸ் கருநிரலில் பி.எம்._டெஸ்ட் என்னும் வசதி உள்ளது. உறக்கத்தின் படிகளை ஒரு குறித்த கட்டம் வரை மட்டும் நடத்தி, ஐந்து நொடிகள் காத்திருந்து, திரும்பி வருமாறு இதனால் பணிக்கலாம். நிரல்களை உறையச் செய்தல், கருவிகளை அணைத்தல், பிற செயற்கருக்களை நிறுத்தல் எனப் படிப்படியாகச் சென்றால் எந்தப் படியில் மறுதொடங்குகின்றது என்பது தெரியும். எல்லாப் படிகளிலும் தேறி, உண்மையான உறக்கத்தில் மட்டும் தவறினால் நிலைபொருளையும் மின்சுற்றையும் நோக்கித் திரும்பலாம்.

எழும் வழியில் எந்தக் கருவியிடம் நின்றது என்பதை அறிவது இதைவிடக் கடினம். திரை இல்லை, வட்டு இல்லை, நினைவகமோ மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். இவ்விடரை லினஸ் டோர்வால்ட்ஸ் 2006ஆம் ஆண்டில் தீர்த்த முறை சுவையானது. மறுதொடக்கத்தைத் தாண்டியும் எஞ்சுவது தாய்ப்பலகையில் நாணய வடிவ மின்கலத்தால் இயங்கும் கடிகாரம். எனவே பி.எம்._டிரேஸ் என்னும் இவ்வசதி, எழுதலின் ஒவ்வொரு படியிலும் அப்படியைக் குறிக்கும் ஓர் எண்ணை ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவையாகப் பிரித்துக் கடிகாரத்தில் எழுதுகின்றது. கணினி மறுதொடங்கியதும் கருநிரல் கடிகாரத்தைப் படித்து, எந்தக் கருவியின் எண்ணுடன் அது பொருந்துகின்றது எனப் பதிவில் தெரிவிக்கின்றது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் மூன்று நிமிடங்களுக்குள் கணினி மீண்டும் இயங்கியாக வேண்டும். சோதனைக்குப்பின் நாளும் நேரமும் தாறுமாறாக இருக்கும்; அவற்றைத் திருத்த மறக்கலாகாது.

ஆழ்துயிலும் கலப்பு உறக்கமும்

ஆழ்துயிலிலிருந்து எழும்போது தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுவது இயல்பே. இங்கு கோளாறு பெரும்பாலும் வேறு வகைப்பட்டது. லினக்ஸில், வட்டில் எழுதிய படிமம் எங்குள்ளது என்பதைக் கருநிரலுக்குத் தெரிவிக்கும் அளவுரு விடுபட்டிருந்தால், படிமம் நலமாக இருந்தும் அதைத் தேடாமல் கணினி புதிதாகத் தொடங்கும். மாற்றகப் பிரிவை அழித்து மீண்டும் உருவாக்கியோர் பலருக்கு இது நேர்கின்றது. பிரிவின் அடையாள எண் மாறிவிடுவதே காரணம். மாற்றகப் பிரிவு மிகச் சிறியதாக இருந்தால் ஆழ்துயில் தொடங்காமலே முடிந்துவிடும்.

விண்டோஸ் விஸ்டாவுடன் அறிமுகமான கலப்பு உறக்கம், எஸ்3 உறக்கத்துக்குச் செல்லுமுன் நினைவகப் படிமத்தை வட்டிலும் எழுதி வைக்கின்றது. மின்சாரம் தடைப்படாவிடில் நினைவகத்திலிருந்து விரைவாகவும், தடைப்பட்டால் வட்டிலிருந்து சற்று மெதுவாகவும் கணினி எழுகின்றது. மேசைக் கணினிகளில் இது இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். காத்திருப்பு மின்சாரத்தின் குறைபாட்டால் விளையும் கோளாற்றை இவ்வசதி மறைத்துவிடுவதும் உண்டு. எழுவதற்கு முன்பைவிட நீண்ட நேரம் ஆகின்றது என்பதே அப்போது பயனர் காணும் ஒரே அறிகுறி. மின்வழங்கியையோ நினைவகத்தையோ மாற்றும்வரை கலப்பு உறக்கத்தையோ ஆழ்துயிலையோ பயன்படுத்துதல், வேலைகளை இழக்காமல் காக்கும் இடைக்கால ஏற்பாடாக அமையும். இயக்கிகளால் விளையும் கோளாற்றில் இவை உதவாமற் போகலாம். ஆழ்துயிலுக்குச் செல்லும்போதும் அதே இயக்கிகளே கருவிகளை அணைக்கின்றன.